படைவீரனும் அயல்மொழிச் சொற்களும்

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்து ஒரு பெரிய இராணுவப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 'மதராஸ் என்ஜினியர் குரூப்' என்பது அதன் இன்றைய பெயர். 'மதராஸ் சாப்பர்ஸ்' என்பது ஊரார் வாயில் வழங்கும் பழைய பெயர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய தென்னாட்டு மாநிலங்களின் சிற்றூர்களிலிருந்து வரும் இளைஞர்கள் இங்கே படைவீரர்களாகின்றனர். அணிவகுப்பு மைதானத்தில் முதல் நாள் அவர்கள் செவியில் விழும் சொற்கள் தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, மலையாளமோ அல்ல. 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தாஹினே முட்', 'தேஜ் சல்', 'தம்' என்று இந்தியில் கட்டளைகள் பிறக்கின்றன. சில வாரங்களில் திருநெல்வேலிப் பிள்ளையும் குண்டூர்ப் பிள்ளையும் அச்சொற்களுக்கு ஒருங்கே கால் எடுத்து வைக்கின்றனர். இலக்கணம் கற்கவில்லை, எழுத்துக் கற்கவில்லை. ஆயினும் வேண்டிய அளவுக்கு ஒரு மொழி அவர்கள் உடலில் ஏறிவிடுகிறது.

இவ்வாறு சில சொற்களைக் கொண்டு ஒரு மொழியோடு உறவு கொள்வது படைவீரன் வாழ்வில் புதுமையன்று. சொந்த நாட்டிலேயே இது தேவைப்படுகிறதென்றால், கடல் கடந்து அயல்நாட்டில் பணிபுரியும்போது எவ்வளவு தேவைப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்நாட்டு மொழியை ஆண்டுக்கணக்கில் பயில அவனுக்கு அவகாசம் இல்லை. கப்பலிலோ விமானத்திலோ ஏறுவதற்கு முன் கிடைக்கும் சில நாட்களில் ஐம்பது சொல் கற்கலாம். முயன்றால் நூறு கற்கலாம். அந்த நூறு சொற்கள் எவையாக இருக்க வேண்டும்? கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் இதற்குத் தவறான விடை கூறினால், அத்தவறு ஓர் உயிரின் விலையாக முடியக்கூடும். இக்கேள்வியைச் சிறிது ஆராய்வதே நம் நோக்கம்.

மதராஸ் சாப்பர்ஸ் படையின் வரலாறு 1780ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 1811இல் ஜாவா, 1840 முதல் 1842 வரை சீனம், 1867–68இல் அபிசீனியா என்று இப்படையினர் சென்ற நாடுகள் பல. முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் பணிபுரிந்தனர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிவரை சென்றனர். அங்கே 1944இல் சுபேதார் சுப்பிரமணியன் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர் நீத்தார்; ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர்களுள் ஒருவர் அவர் என்பதை நாம் அறிவோம்.

பாலம் அமைப்பதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும், குடிநீர் தேடுவதும் இப்படையின் தொழில். ஆகவே எல்லாப் படைவீரரினும் இவர்களுக்கே ஊர்மக்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மிகுதி. ஆற்றில் எங்கே ஆழம் குறைவு? இந்தப் பாலம் பார வண்டியைத் தாங்குமா? கிணறு எங்கே? இந்த வயலில் நேற்று யாரேனும் நடந்தார்களா? இவற்றுக்கு விடை தெரிந்தவர் அந்த ஊர்க் குடியானவர், வரைபடம் அன்று.

பெங்களூரும் உலகப் படைவீரரின் சொற்பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. 1912இல் இங்கே மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் மக்ளின்டாக் என்பவர், முட்கம்பித் தடைகளைத் தகர்ப்பதற்கென வெடிமருந்து நிரப்பிய நீண்ட குழாய் ஒன்றை வகுத்தார். 'பெங்களூர் டார்ப்பிடோ' என்று அது பெயர் பெற்றது. இவ்வூரை ஒரு நாளும் காணாத அயல்நாட்டுச் சிப்பாய்களும் 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் 'பெங்களூர்' என்று கூவி அக்கருவியைக் கேட்டனர். ஊர்ப்பெயர் ஒன்று கருவிப் பெயராகி, படைவீரர் வாயில் உலகம் சுற்றியது.

சொற்கள் இவ்வாறு வாய்வழியே பயணம் செய்யும்போது உருமாறுவதும் உண்டு. ஆங்கிலேயர் காலத்துக் காவற்சிப்பாய் இருட்டில் வருபவரை நோக்கி 'யார் வருவது?' என்று ஆங்கிலத்தில் வினவ வேண்டும். 'ஹூ கம்ஸ் தேர்' என்ற அத்தொடர் நம் சிப்பாய்களின் நாவில் 'ஹுக்கும்தார்' என்றாயிற்று. பொருளற்ற ஒலியாயினும் அது தன் வேலையைச் செய்தது. மறுபுறம், இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் 'பார்' என்னும் பொருளுடைய 'தேக்கோ' என்ற சொல்லைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர். சந்தையிலும் முகாமிலும் சொற்கள் தாமாகவே கைமாறும். ஆனால் தாமாகக் கைமாறும்வரை காத்திருக்க முடியாத நிலை வரும்போதுதான் சிறு கையேடுகள் பிறக்கின்றன.

இரண்டாம் உலகப் போர்க்காலம் இத்தகைய கையேடுகளின் பொற்காலம் எனலாம். 1943இல் ஈராக் நாட்டுக்குச் செல்லும் தம் வீரர்களுக்காக அமெரிக்க அரசு ஒரு சிறு வழிகாட்டியை வெளியிட்டது. அந்நாட்டுப் பழக்கவழக்கங்களைக் கூறிவிட்டு, இறுதியில் அரபுச் சொற்கள் சிலவற்றை உச்சரிப்புடன் அது கொடுத்தது. வேறு பல மொழிகளுக்கும் கையேடுகள் வந்தன. அவற்றோடு இசைத்தட்டுகளும் வந்தன. மொழியியல் அறிஞர்கள் அப்பணியில் ஈடுபட்டனர். கண்ணால் படிப்பதினும் காதால் கேட்பதே முதலில் வேண்டியது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஜெர்மனிக்குள் நுழையவிருந்த தம் வீரர்களுக்கு பிரிட்டிஷ் அரசும் 1944இல் இவ்வாறே ஒரு கையேடு அளித்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். 1930இல் ஆக்டன் என்ற ஆங்கில அறிஞர் 850 சொற்களைக் கொண்டே எதையும் கூறிவிடலாம் என்று 'பேசிக் இங்கிலீஷ்' முறையை வகுத்தார். அது ஒரு மொழியைச் சுருக்கும் முயற்சி. படைவீரனின் பட்டியல் அத்தகையதன்று. எல்லாவற்றையும் கூற அது முயல்வதில்லை. குறிப்பிட்ட சில நிலைமைகளில் இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் தவறாக எண்ணாமல் பிரிந்து செல்ல உதவுவதே அதன் வேலை. சாலைச் சாவடி, மருத்துவக் கூடாரம், கடைவீதி, கிணற்றடி, வீட்டு வாசல் – இந்த ஐந்து இடங்களை நினைத்துக்கொண்டு பட்டியலை எழுதத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், இத்தகைய பட்டியல்களைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம்.

முதற்கேள்வி: வினாவைக் கற்றுக்கொடுத்தவர் விடையையும் கற்றுக்கொடுத்தாரா? 'ஆற்றுக்கு வழி எது?' என்ற தொடரை ஒருவன் பிழையின்றி மனப்பாடம் செய்துவிட்டான் என்று கொள்வோம். அவன் கேட்கிறான். எதிரே நிற்கும் கிழவர் மனமகிழ்ந்து, ஆலமரத்தைத் தாண்டி, இடிந்த மண்டபத்தை இடக்கையில் விட்டு, மழை பெய்தால் போகக்கூடாத பாதை ஒன்றையும் எச்சரித்து, நூறு சொற்களில் விடை கூறுகிறார். நம் வீரனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவன் உச்சரிப்பு நன்றாக இருந்ததே இந்த இடரை வரவழைத்தது! ஆகவே அவன் கற்க வேண்டிய வினா அதுவன்று. கையை நீட்டி, 'ஆறு, இந்தப் பக்கமா?' என்று கேட்க வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களில் ஒன்றே விடையாக வரும். 'எத்தனை?' என்று கேட்டால் விடை எண்ணாக வரும், விரலாலும் காட்டலாம். 'காட்டுங்கள்', 'மண்ணில் வரையுங்கள்', 'மெதுவாகச் சொல்லுங்கள்', 'எனக்கு விளங்கவில்லை' – இந்த நான்கு தொடர்களும் நாற்பது பெயர்ச்சொற்களுக்குச் சமம்.

'ஆம்', 'இல்லை' என்பனவற்றிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாம் தலையை இருபுறமும் மெல்ல அசைத்து உடன்பாடு தெரிவிக்கிறோம். பிற நாட்டார் அதை மறுப்பென்று கொள்வர். கிரேக்கம், துருக்கி, அரபு நாடுகள் பலவற்றில் தலையை மேல்நோக்கி உயர்த்தி நாவினால் சிறு ஒலி செய்வது 'இல்லை' என்பதற்கு அடையாளம். நம் கண்ணுக்கு அது 'ஆம்' போலவே தோன்றும். கண்ணிவெடி புதைந்த வயலின் ஓரத்தில் நின்றுகொண்டு, 'இங்கே நடக்கலாமா?' என்று கேட்கும் வீரன் இந்த வேறுபாட்டை அறியாதிருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். சைகையும் ஒரு மொழியே. அதையும் கற்பிக்க வேண்டும். 2003க்குப் பிறகு ஈராக்கில் இராணுவச் சாவடிகளை நெருங்கிய வண்டியோட்டிகள் சிலர், நிற்கச் சொல்லும் சைகையை அறிந்துகொள்ளாமல் முன்னேறிச் சுடப்பட்டு மாண்ட துயரச் செய்திகள் வந்தன. மடக்கிய கை முட்டியை உயர்த்தினால் 'நில்' என்பது படைவீரர் தமக்குள் வகுத்துக்கொண்ட குறி. காய்கறி ஏற்றி வரும் வண்டிக்காரருக்கு அதை யார் சொன்னார்கள்?

அதே காலத்தை ஒட்டி ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்க வீரர்கள் 'ப்ரேசலேட்டர்' என்ற கைக்கருவியைப் பயன்படுத்தினர். வீரன் ஆங்கிலத்தில் ஒரு தொடரைச் சொன்னால், கருவி முன்பே பதிவு செய்து வைத்த அந்நாட்டு மொழித் தொடரை ஒலிக்கும். மிக நல்லது. ஆனால் எதிரே நிற்பவர் கூறும் விடையை அது வீரனுக்குத் திருப்பிச் சொல்லவில்லை. வாய் உண்டு, செவி இல்லை. இன்று கைப்பேசிகள் இருபுறமும் மொழிபெயர்க்க வல்லன. எனினும் மின்கலம் தீர்ந்த இடத்திலும், இணைப்பு இல்லாத மலையிலும், அச்சத்தில் நாக்குழறும் மனிதர் எதிரிலும் நெஞ்சில் பதிந்த சொல்லே கைகொடுக்கும்.

இரண்டாம் கேள்வி: இச்சொற்கள் அந்த ஊரில் வழங்கும் சொற்களா? இதற்கு நாம் வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1987 ஜூலை 29ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டையொட்டி, இந்திய அமைதி காக்கும் படை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது. 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டனர்; படையில் சேராத பொதுமக்கள் பலரும் மாண்டனர். அந்தத் துயரத்துக்கு மொழி ஒன்றே காரணமென்று கூறுவது பேதைமை. அதன் அரசியற் காரணங்கள் வேறு. எனினும் வட இந்தியாவின் பல மொழிகளைப் பேசும் வீரர்கள், தமிழ் ஒன்றையே பேசும் மக்கள் நடுவே சாவடிகளில் நின்றார்கள் என்பது உண்மை. படையில் தமிழறிந்த வீரர்கள் இருந்தனர். ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு இரவிலும் அவர்கள் நிற்க இயலாது.

வட இந்திய வீரன் ஒருவனுக்குத் தமிழ்நாட்டுத் தமிழில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 'ஆமாம்' என்றால் உடன்பாடு என்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் அவன் கேட்பதோ 'ஓம்' என்ற சொல்! கோயிலில் கேட்ட ஒலியாகத் தோன்றுமேயன்றி விடையாகத் தோன்றாது. 'சீக்கிரம்' என்று கற்றவனுக்குக் 'கெதியா' என்பது விளங்காது. 'புரிகிறதா?' என்று நாம் கேட்பதை அங்கே 'விளங்குதா?' என்பர். எல்லாவற்றினும் விந்தை, 'பேசு' என்ற சொல். நம்மிடையே அது உரையாடு என்று பொருள்படும். யாழ்ப்பாணத்திலோ பேசுவது என்றால் ஏசுவது. உரையாடுவதற்கு 'கதைப்பது' என்பர். 'உங்களோடு பேச வேண்டும்' என்று மரியாதையுடன் சொல்பவன், 'உங்களை ஏச வேண்டும்' என்று சொல்வதாகக் கேட்பவர் நினைக்க இடமுண்டு. ஆகவே தமிழ்நாட்டு வீரனுக்குங்கூட அங்கே ஒரு சிறு சொற்பட்டியல் வேண்டியிருந்தது எனலாம். தாய்மொழி என்ற துணிவினால் அவன் அதைத் தேடியிருக்கமாட்டான், அதுவே அபாயம்.

மூன்றாம் கேள்வி: இச்சொற்களில் மரியாதை இருக்கிறதா? நம் கருத்தில் இதுவே தலையாய கேள்வி. அதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்ற ஒரு சொல் உண்டு. அதைத் தமிழில் பெயர்க்கச் சொன்னால் நாம் உடனே எழுதுகோலை எடுத்துவிடமாட்டோம். யாரிடம் சொல்கிறீர்கள், எதை நிற்கச் செய்கிறீர்கள் என்று கேட்போம். நடந்து வருபவரிடம் சொன்னால் 'நில்' அல்லது 'நில்லுங்கள்'. வண்டியோட்டியிடம் சொன்னால் 'நிறுத்து' அல்லது 'நிறுத்துங்கள்'. சிறு பையனுக்கு ஒரு வடிவம். பெரியவருக்கு ஒரு வடிவம். யாழ்ப்பாணத்தில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. அதற்கேற்ப 'வா', 'வாரும்', 'வாங்கோ' என்று ஏவலும் மாறும். பட்டியல் எழுதுபவர் இடத்தை மிச்சப்படுத்த நினைத்து, மிகச் சிறிய வடிவத்தைத் தேர்ந்துகொள்வார். நில், வா, போ, உட்கார், காட்டு, திற. சிறிய வடிவம் என்பது தமிழில் மரியாதையற்ற வடிவம் என்பதை அவர் அறியார்.

விளைவு என்ன? பள்ளி ஆசிரியராக முப்பது ஆண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர் மிதிவண்டியில் வருகிறார் என்று நினைத்துப் பாருங்கள். இருபது வயது இளைஞன் ஒருவன், கையில் துப்பாக்கியுடன், 'ஏய், நில்! வா! காட்டு!' என்கிறான். அவன் உள்ளத்தில் கடுமை இல்லாமல் இருக்கலாம். அவன் கற்ற தமிழ் அவ்வளவுதான். ஆனால் முதியவரின் செவியில் விழுந்தது அவமதிப்பு. பக்கத்தில் நின்ற பேரன் அதைக் கண்டான். அந்தப் பேரன் நெஞ்சில் அன்று விழுந்த வடு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை யாரும் அளந்து சொல்ல முடியாது. 'நில்' என்பதோடு 'லுங்கள்' என்ற நான்கெழுத்து சேர்ந்திருந்தால் போதும். ஒரு நொடிதான் அதிகமாகும்.

ஆங்கிலேயர் இந்நாட்டில் கற்ற இந்துஸ்தானிக்கும் இக்குறை இருந்தது. 'இங்கே வா', 'அதைக் கொண்டு வா', 'சீக்கிரம் செய்' என்று ஏவல் வினைகளாலேயே பல துரைமாரின் மொழியறிவு நிரம்பியிருந்தது. 'ஆப்' என்று அழைக்க வேண்டியவரையும் 'தும்' என்று அழைத்தனர். காலனி ஆட்சியில் மொழி கற்பது எவ்வாறு ஆணையிடுவதற்கான கருவியாயிற்று என்பதை பெர்னார்ட் கோன் என்ற வரலாற்றறிஞர் 1985இல் ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். விடுதலை பெற்ற நாட்டின் படை அந்தப் பழக்கத்தை அயலாரிடம் தொடரலாகாது. ஆகவே எந்தப் பட்டியலைக் கண்டாலும் நாம் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அதில் உள்ள ஏவல்களை எண்ணிப் பார்ப்போம். பாதிக்கு மேல் ஏவல்களாக இருந்தால், அதை எழுதியவர் எதிரே மனிதரை நினைத்து எழுதவில்லை, கைதியை நினைத்து எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

நான்காம் கேள்வி: துன்பத்தை ஆற்றும் சொற்கள் உண்டா? 1950இல் இந்தியா கொரியப் போருக்குப் படையணி எதையும் அனுப்பவில்லை; ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பியது. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்ற அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் என்ற தமிழர். காயமுற்ற வீரருக்கும், போரில் சிக்கிய ஊர்மக்களுக்கும் அப்பிரிவு சிகிச்சை அளித்தது. மருத்துவனுக்கு முதலில் வேண்டிய சொல் எது? 'எங்கே வலிக்கிறது?' என்பதே. கொரிய மொழியில் 'வலிக்கிறது' என்பதை 'அப்பாயோ' என்று கூறுவர். நம் செவிக்கு அது தந்தையை அழைத்து அலறுவது போலவே ஒலிக்கும். இத்தகைய ஒரு சொல்லை அறிந்தவனுக்குக் கூடாரத்தின் இருளில் யாரை முதலில் கவனிப்பது என்பது தெரிந்துவிடும்.

ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் காங்கோவின் கிழக்குப் பகுதியிலும் வழங்கும் சுவாஹிலி மொழியில் 'போலே' என்றொரு சொல் உண்டு. தவறு செய்தவன் கேட்கும் மன்னிப்பு மட்டுமன்று அது. ஒருவர் தடுக்கி விழுந்தாலும், நோயுற்றாலும், உறவினரை இழந்தாலும், 'உமது துன்பத்தை நானும் உணர்கிறேன்' என்று பொருள்படக் கூறும் சொல். காங்கோவின் வடகிவு மாநிலத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் கொடியின்கீழ் இந்திய வீரர்கள் பல ஆண்டுகள் பணிபுரிந்துள்ளனர். நூறு சொற்களில் ஒரு சொல்லையே அவர்களுக்குக் கற்பிக்கலாம் என்று கூறினால், 'நில்' என்பதற்கு முன் 'போலே' என்பதையே நாம் தேர்ந்தெடுப்போம். அதைச் சொல்லத் தெரிந்தவனைக் கண்டு குழந்தைகள் ஓடமாட்டார்கள். குழந்தைகள் ஓடாத ஊரில் செய்தி தானே வந்து சேரும்.

இந்நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு நூறு சொற்களை எவ்வாறு பங்கிடலாம்? நாம் வகுப்பது இது: ஆம், இல்லை, தெரியாது, விளங்கவில்லை, மெதுவாக முதலிய விடைச்சொற்கள் 10, எண்களும் காலமும் 15, இடமும் திசையும் 15, தண்ணீர், உணவு, பாலம், கிணறு, வெடி போன்ற பெயர்கள் 20, உடலும் நோயும் 15, வணக்கம், நன்றி, மன்னிப்பு, ஆறுதல், 'அஞ்ச வேண்டாம்' என்ற வகை 15, ஏவல்கள் 10, அவையும் மரியாதை வடிவத்தில். ஒவ்வொன்றையும் வீரனின் தாய்மொழி எழுத்திலேயே எழுத வேண்டும். அந்நாட்டார் ஒருவர் குரலில் கேட்டுப் பழக வேண்டும். பட்டியலை அச்சிடுவதற்கு முன் அந்த ஊரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரிடம் படித்துக் காட்டுவது நலம். அவர் முகம் சுளித்தால் அச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

சிறு பட்டியலின் எல்லையையும் சொல்லிவிடுவது கடமை. 1953இல் கொரியாவில் போர்நிறுத்தம் ஏற்பட்டபின், தாய்நாடு திரும்ப விரும்பாத கைதிகளின் பொறுப்பை நடுநிலை நாடுகளின் ஆணையம் ஏற்றது. அதன் தலைவர் ஜெனரல் திம்மய்யா. குடகில் பிறந்து பெங்களூரில் பள்ளிக் கல்வி பயின்றவர் அவர். கைதிகளைக் காத்தவர்கள் இந்திய வீரர்கள். திரும்பிச் செல்வதா, மறுப்பதா என்று ஒவ்வொரு கைதியும் தம் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கும் ஒரு விடையைக் கூற வேண்டிய இடம் அது. அங்கே நூறு சொல் கற்றவன் மொழிபெயர்க்க முற்பட்டால் அது பெரும்பழியாகும். விசாரணை, வாக்குமூலம், கையொப்பம், அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் – இவற்றுக்குத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அத்தகையோரை உருவாக்கவே பாதுகாப்பு அமைச்சகம் 1948 முதல் புதுதில்லியில் அயல்மொழிப் பள்ளியை நடத்தி வருகிறது. சிறு பட்டியலின் கடைசிச் சொல் எப்பொழுதும் 'பொறுங்கள், மொழி தெரிந்தவர் வருவார்' என்பதாகவே இருக்க வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதிலென்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நம் கையில் துப்பாக்கி இல்லை. ஆயினும் நாமும் பிறர் ஊரில் சில சொற்களோடு இறங்கியவர்களே. பெங்களூர்த் தண்டுப் பகுதியில், அல்சூரிலும் சிவாஜி நகரிலும், தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கின்றனர். அவர்களுக்கு இடையே புதிதாக வந்திறங்கும் தமிழ் இளைஞன், கன்னடக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறான். வீட்டுக்காரர் முகம் மலர்ந்து 'பன்னி' என்கிறார். 'வாருங்கள்' என்று மரியாதையுடன் அழைத்த அச்சொல், கொச்சைத் தமிழ் பழகிய இவன் செவியில் ஒரு விலங்கின் பெயராக விழுகிறது! அடுத்து, 'குளிதுகொள்ளி' என்கிறார். உட்காரச் சொன்னவரை, நீராடச் சொன்னதாக நினைத்து இவன் திகைக்கிறான். சிரிப்புக்கிடமான இச்சிறு மயக்கமே, வேறிடத்தில், வேறு மனநிலையில் பகையாக வளரவல்லது.

தில்லியில் இருப்பவர் 'ஆப்' என்பதைக் கற்காமல் 'தும்' என்பதோடு நின்றுவிடுகிறார். பின்னர் காய்கறிக்காரர் தம்மிடம் கடுமையாக நடந்துகொள்வதாகக் குறைப்படுகிறார். பெங்களூரில் இருப்பவர் 'எஷ்டு' என்று விலை கேட்கக் கற்கிறார். விடையாக வரும் எண்களைக் கற்பதில்லை. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது பழமொழி. செவியுள்ள பிள்ளை அதனினும் நன்றாகப் பிழைக்கும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே நேயர்கள் தாம் வாழும் ஊரின் மொழியில் ஒரு சிறு பட்டியலைத் தாமே எழுதிப் பார்க்கலாம். கன்னடத்தில் 'ஹௌது', 'இல்ல', 'கொத்தில்ல' என்று தொடங்குங்கள். 'நிதானவாகி ஹேளி' என்பதை இரண்டாவதாக எழுதுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்பவரிடம் யாரும் கோபிப்பதில்லை. மன்னிப்புக் கேட்கும் 'க்ஷமிசி' என்ற சொல்லை மறவாதீர்கள். ஏவல்களைக் கடைசியில் எழுதுங்கள். எழுதும்போது மரியாதை வடிவத்திலேயே எழுதுங்கள். எழுதி முடித்ததும் அண்டை வீட்டுப் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அல்சூர் ஏரியருகே 'சாவ்தான்' என்ற சொல்லுக்கு நிமிர்ந்து நிற்கும் தென்னாட்டு இளைஞர்களில் சிலர், நாளை ஏதோ ஒரு தொலைநாட்டுச் சாலையில் நீலத் தொப்பி அணிந்து நிற்பார்கள். அவர்கள் எதிரே ஒரு தாய், குழந்தையை இடுப்பில் ஏந்தி, அஞ்சி அஞ்சி வருவாள். அப்பொழுது அந்த இளைஞன் வாயில் முதலில் வரும் சொல் எதுவாக இருக்கும் என்பது, இன்று அவனுக்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பவர் கையில் இருக்கிறது.